கோச்சுக்கு என்ன ராசி?

மனிதனுக்கு ஒரு கெடுதல் நேர்ந்தால் முதலில் தேவைப்படுவது மருந்து அல்ல. பழி போடுவதற்கு ஓர் ஆள். மருந்தை அப்புறம் தேடிக்கொள்ளலாம். பால் பொங்கி வழிந்தால் மருமகள். ஆபீஸ் கணக்கு உதைத்தால் குமாஸ்தா. விலைவாசி ஏறினால் மந்திரி. இவர்களில் ஒருவரும் கைக்கு அகப்படாத சமயத்துக்குச் சனி பகவான் இருக்கவே இருக்கிறார். அவர் எங்கேயும் ஓடிவிடமாட்டார். ஒரு ராசியில் உட்கார்ந்தால் இரண்டரை வருஷம் எழுந்திருக்காத பேர்வழி அல்லவா?

இந்த ஜாபிதாவில் இன்னும் ஒருவரைச் சேர்க்கவேண்டும் என்று எனக்குத் தோன்றுகிறது. கால்பந்தாட்டக் கோஷ்டிக்குப் பயிற்சி கொடுக்கிறாரே, அந்த மனிதர். ரசிகர்கள் பாஷையில் 'கோச்'. பந்தை உதைப்பவர் பதினொரு பேர். அவர்களில் எவன் கால் சறுக்கினாலும், காற்று மாறி அடித்தாலும், ரெபரிக்குக் கண் மங்கினாலும், மறுநாள் உதை வாங்குகிறவர் கோட்டுக்கு வெளியே நின்றுகொண்டிருந்த இந்த ஒரே ஆசாமிதான்.

இங்கிலாந்தில் லெஸ்டர் என்று ஒரு கோஷ்டி. 2009-இல் மூன்றாம் வகுப்பில் ஆடிக்கொண்டிருந்தது. படிப்படியாக ஏறி, 2016 மே மாதம் முதல் வகுப்பில் சாம்பியன் பட்டத்தையே வாங்கிவிட்டது. அப்போது கோச்சாக இருந்தவர் கிளாடியோ ரனியேரி என்ற இத்தாலியர். ஊரே அவரைத் தலையில் வைத்துக் கூத்தாடியது. ஒன்பதே மாதம். 2017 பிப்ரவரியில் அவரை வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். பிள்ளை பெறுவதற்கு ஆகும் காலத்துக்குள் தெய்வம் சனியனாகிவிட்டது, பாருங்கள்!

சனியைப் பற்றிப் பேச வேண்டுமானால் குச்சனூரில் வைத்துப் பேசுவதுதான் மரியாதை. என் தங்கையை அந்த ஊரில்தான் கொடுத்திருக்கிறது. சின்னமனூருக்குப் பக்கத்தில் வயல்களுக்கு நடுவே, மேற்கே மலைத்தொடரைப் பார்த்தபடி கிடக்கிற சிற்றூர் அது. நெல்லும் வாழையும் தென்னையும் எந்நேரமும் பச்சை காட்டிக்கொண்டிருக்கும். சுரபி நதிக்கரையில் சுயம்புவாகச் சனீசுவரர் கோயில் கொண்டிருக்கிறார். மற்ற ஊர்களில் நவக்கிரகங்களுக்குள் ஒருவராக மூலையில் ஒதுங்கி நிற்கிறவர், இங்கே மூலவர். ஆடி மாதத்துச் சனிக்கிழமைகளில் கால் வைக்க இடம் இருக்காது. கறுப்புத் துணி, எள் முடிச்சு, நல்லெண்ணெய் விளக்கு, காக்கைக்குச் சோறு என்று ஊரின் பாதி வியாபாரம் அவர் தயவில்தான் நடக்கிறது.

அந்தக் கோயிலின் தலபுராணம் எனக்கு மிகவும் பிடிக்கும். தினகரன் என்று ஓர் அரசன். பிள்ளை இல்லாமல் ஒரு குழந்தையை எடுத்து வளர்த்தான். சந்திரவதனன் என்று அதற்குப் பெயர். அப்புறம் தன் வயிற்றுப் பிள்ளையும் ஒன்று பிறந்தது. ஆனாலும் கெட்டிக்காரத்தனத்தைப் பார்த்து வளர்ப்பு மகனுக்கே பட்டம் கட்டினான். பிறகு அரசனை ஏழரைச் சனி பிடித்து ஆட்டி வைத்தது. சந்திரவதனன் சுரபி நதிக்கரைக்கு வந்து சனி பகவானை வேண்டினான்: "அநாதையாக வந்த என்னை வளர்த்தவர் அவர். அவருக்கு வைத்திருக்கிற கஷ்டத்தை எனக்குக் கொடுத்துவிடும்." பகவானும் மனம் இரங்கி, ஏழரை வருஷத்தை ஏழரை நாழிகையாகக் குறுக்கி அவன் தலையில் இறக்கினாராம்.

வெளியூரிலிருந்து வந்த வளர்ப்புப் பிள்ளை. ஊரார் பாவத்தைத் தன் தலையில் வாங்கிக்கொள்கிறான். கோச் உத்தியோகத்துக்கு இதைவிடப் பொருத்தமான புராணம் கிடையாது. கணக்கும் ஒத்துவருகிறது. பந்தாட்டம் ஒன்றரை மணி நேரம். சரியாக மூன்றே முக்கால் நாழிகை. ஆட்டத்துக்கு முன்னும் பின்னும் அவர் வாங்குகிற திட்டைச் சேர்த்தால் ஏழரை நாழிகை நிச்சயம் தேறும்.

2019 மார்ச் மாதம், இரண்டாவது வாரம். தங்கை வீட்டில் காதுகுத்து என்று வெள்ளிக்கிழமையே போய் இறங்கினேன். மருமகனும் கோயமுத்தூரிலிருந்து வந்திருந்தான். அங்கே என்ஜினீயரிங் படித்துக்கொண்டிருந்தவன். முகம் மட்டும் காதுகுத்து வீட்டு முகமாக இல்லை.

"என்னடா உடம்புக்கு?" என்றேன்.

"உடம்புக்கு ஒண்ணும் இல்ல மாமா. நாளைக்குக் கோயமுத்தூர்ல சரித்திரம் நடக்கப் போகுது. நான் இங்க பந்தக்கால் கிட்ட நிக்கப் போறேன்" என்றான்.

சரித்திரம் என்றது ஐ-லீக் போட்டியின் கடைசி ஆட்டத்தை. சென்னை சிட்டி என்ற கோஷ்டி அந்த வருஷம் முதல் இடத்தில் இருந்தது. அந்தக் கோஷ்டியின் விலாசமே ஒரு வேடிக்கை. பெயர் சென்னை, ஆடுகிற வீடு கோயமுத்தூர் நேரு ஸ்டேடியம், கோச் அக்பர் நவாஸ் சிங்கப்பூர்க்காரர், கோல் போடுகிற பெத்ரோ மான்சி ஸ்பெயின் தேசத்து மைதானங்களில் ஆடிவிட்டு வந்தவர், அழுகிற ரசிகன் குச்சனூர்.

2017-18-இல் இதே கோஷ்டி பத்துப் பேரில் எட்டாவதாக வந்து மூச்சு வாங்கியது. 2018-இல் அக்பர் நவாஸ் வந்தார். அடுத்த போட்டியில் கடைசி ஆட்டத்துக்கு முன்பு 40 புள்ளிகள். பின்னாலேயே 39 புள்ளிகளுடன் கல்கத்தாவின் ஈஸ்ட் பெங்கால். இதற்கு முந்தின ஆட்டத்திலேயே பட்டத்தை முடித்திருக்கலாம். ஆனால் கோவாவின் சர்ச்சில் பிரதர்ஸிடம் தோற்றுவிட்டார்கள். அந்த ஒரு தோல்வியில்தான் குச்சனூர் டீக்கடை இரண்டு கட்சியாகப் பிரிந்தது.

சனிக்கிழமை மத்தியானம் மருமகன் என்னையும் அங்கே இழுத்துப் போனான். கோயில் கூட்டம் ஒரு பக்கம் வந்து போய்க்கொண்டிருந்தது. பெஞ்சியில் எதிர்க்கட்சித் தலைவர் அமர்ந்திருந்தார். பள்ளிக்கூடத்தில் டிரில் மாஸ்டராக இருந்து ஓய்வு பெற்றவர். இன்னமும் விசில் ஊதுவதற்குத் தயாராக இருப்பதுபோல் உதட்டைக் குவித்துக்கொண்டுதான் பேசுவார்.

"தம்பி, உங்க கோச்சு நல்லவராக இருக்கலாம். ஆனா அவருக்கு ஆட்டம் தெரியாது. பந்து நம்ம கோல்கிட்ட வந்தா என்ன செய்யணும்? ஓங்கி ஒரே உதை. அந்தாண்ட போய் விழணும். இவர் என்னடான்னா, கோலியே பந்தைப் பக்கத்து ஆளுக்குத் தட்டுறான். அவன் இன்னொருத்தனுக்குத் தட்டுறான். பந்தி பரிமாறுறாங்களா?"

"சார், அப்படித் தட்டித் தட்டித்தான் எதிராளியை முன்னால இழுக்கிறது. அவன் முன்னால வந்தா பின்னால இடம் கிடைக்கும். அந்த இடத்துல மான்சி ஓடுவாரு. இந்த வருஷம் எத்தனை கோல் போட்டிருக்காங்க தெரியுமா?"

"வாங்கினது எத்தனை? அதையும் சொல்லு."

மருமகன் அதைச் சொல்லவில்லை. வாங்கியதும் கொஞ்சமல்ல. டிரில் மாஸ்டர் விடாமல் தொடர்ந்தார். எட்டாவது இடத்திலிருந்து முதல் இடத்துக்கு வந்தது கோச்சின் மூளையால் அல்ல. மான்சி, சாண்ட்ரோ, நெஸ்டர் என்று அயல்நாட்டிலிருந்து இறங்கிய கால்களால். அந்தக் கால்களை எடுத்துவிட்டால் கோச் எட்டாவது இடத்துக்குத்தான் போவார். எதிரே ஈஸ்ட் பெங்காலுக்குப் பயிற்சி கொடுப்பவரோ ரியல் மாட்ரிட்டின் இரண்டாவது கோஷ்டியையே பழக்கிய அலெஹாந்திரோ மெனெண்டஸ். அவருக்கு இவர் ஈடா?

"நல்ல காய்கறி இருந்தா யார் வேணாலும் சமைச்சுடலாமா, சார்?" என்று மருமகன் கேட்டான். "எங்க காலேஜ் மெஸ்ஸுக்கு வந்து பாருங்க."

எனக்கு இந்த வாதம் பிடித்திருந்தது. இரண்டு பக்கத்திலும் நியாயம் இருந்தது. மைதானத்தில் ஒரு கோச்சின் மூளை எது, ஆட்டக்காரனின் கால் எது என்று பிரித்துக் காட்ட ஒரு தராசும் கிடையாது. நாவல் எழுதுகிறவனுக்கு இது தெரியும். நல்ல கதாபாத்திரம் அமைந்துவிட்டால் வாசகர்கள் அந்தப் பாத்திரத்தைப் புகழ்வார்கள். மோசமாக அமைந்தால்தான் ஆசிரியரின் ஞாபகம் வரும்.

இதுவரை டீ ஆற்றிக்கொண்டே கேட்டுக்கொண்டிருந்த கடைக்கார அண்ணன் நடுவில் புகுந்தார். "அதெல்லாம் இருக்கட்டும். கோச்சுக்கு என்ன ராசி?"

ஒருவருக்கும் தெரியவில்லை. அப்போது சனி தனுசு ராசியில் இருந்தார். ஆகவே விருச்சிகம், தனுசு, மகரம் மூன்றுக்கும் ஏழரை. "இந்த மூணுல ஒண்ணாயிருந்தா எந்தத் திட்டமும் பலிக்காது. எதுக்கும் அவர் பேர்ல ஓர் எள் விளக்கு ஏத்திட்டு வந்துடுங்க தம்பி. நாள் வேற சனிக்கிழமை" என்றார். மருமகன் சிரித்தான். ஆனால் கொஞ்ச நேரம் அவனைக் காணவில்லை. திரும்பி வந்தபோது விரலில் எண்ணெய் மினுக்கியது. நான் ஒன்றும் கேட்கவில்லை.

ஐந்து மணிக்கு ஆட்டம் தொடங்கியது. மருமகனின் செல்போனைச் சர்க்கரை டப்பாவில் சாய்த்து வைத்தார்கள். எங்கள் தலைகள் எல்லாம் ஒரு மண்டையாக ஒட்டிக்கொண்டன. ஆரம்பித்து மூன்றாவது நிமிஷம் எதிர்க் கோஷ்டியான மினர்வா பஞ்சாப் கோல் போட்டது. டிரில் மாஸ்டர் உதட்டைக் குவித்தார், ஒன்றும் சொல்லவில்லை. சொல்லாததுதான் மருமகனுக்கு அதிக வலி. இடைவேளைவரை பஞ்சாப் முன்னணியில். அதே நேரத்தில் கோழிக்கோட்டில் ஈஸ்ட் பெங்கால், கோகுலம் கேரளாவுடன் ஆடிக்கொண்டிருந்தது. அந்தக் கணக்கை வேறொரு போனில் ஒருவர் பார்த்துச் சொல்லிக்கொண்டிருந்தார்.

இடைவேளைக்குப் பிறகு மான்சி பெனால்டியில் சமன் செய்தார். அப்புறம் கௌரவ் போரா ஒரு கோல். அவர் தடுத்து ஆடுகிறவர். கோல் போடுவது அவர் தொழிலே அல்ல. கோழிக்கோட்டில் முதலில் கோகுலம் முந்தியது. பிறகு ஈஸ்ட் பெங்கால் இரண்டு போட்டு 2-1 என்று ஜெயித்துவிட்டது. ஆகவே இங்கே சமனாகியிருந்தால் பட்டம் கல்கத்தாவுக்கு. கடைசி நேரத்தில் அதே போரா இன்னொரு கோல். 3-1. 43 புள்ளி, ஈஸ்ட் பெங்காலுக்கு 42. இருபது ஆட்டத்தில் 48 கோல் போட்ட கோஷ்டிக்குப் பட்டத்தை வாங்கிக் கொடுத்தது கோலைத் தடுக்க வேண்டிய ஒருவரின் கால்!

டிரில் மாஸ்டர் எழுந்து மருமகனுக்குக் கை கொடுத்தார். "பாத்தியா? கடைசியில ஸ்டாப்பர்தான் காப்பாத்தினான்" என்றார். கட்சியை விட்டுக்கொடுக்காமலே சந்தோஷப்படுகிற வித்தை அவருக்குத் தெரியும்.

அப்போதுதான் அந்தக் கேள்வி வந்தது. கேட்டவர் பெஞ்சியின் ஓரத்தில் துண்டைப் போட்டு அமர்ந்திருந்த ஒரு பெரியவர். இரண்டு போகம் நெல் விளைவிக்கிற சம்சாரி. பந்தாட்டத்தில் அவருக்கு ஒன்றும் தெரியாது; கூட்டத்தைப் பார்த்து வந்து உட்கார்ந்தவர்.

"செயிச்சாச்சு, சரி. பாஸானா மேல் வகுப்புக்குப் போவாங்கல்ல? எப்பப் போவாங்க?"

மருமகன் வாயைத் திறந்து மூடினான். டிரில் மாஸ்டரும் செருப்பைத் தேடினார்.

விஷயம் இதுதான். இங்கிலாந்தில் ஜெயித்தவன் மேலே போவான்; கடைசியில் வந்தவன் கீழே இறங்குவான். நம் தேசத்தில் 2014-இல் ஐ.எஸ்.எல். என்று ஒரு புதிய மாளிகை கட்டினார்கள். பெரிய பணம், பெரிய விளம்பரம். பணம் கட்டி இடம் வாங்கியவர்களுக்கு மட்டும் அதில் அறை. சென்னையின் பெயரில் ஏற்கெனவே சென்னையின் கோஷ்டி அங்கே குடியிருந்தது. அது 2015-இலும் 2018-இலும் அங்கே பட்டம் வென்றதும் உண்மை. ஆனால் ஐ-லீக் என்ற பழைய வீட்டில் முதலாவதாக வந்தவனுக்கு மாளிகைக்குப் போக மாடிப்படி வைக்கவில்லை. கட்டும்போது மறந்தது அல்ல. வேண்டாம் என்று விட்டது.

2017-இல் ஐ-லீக் பட்டம் வென்றது மிஜோரம் மலைப் பட்டணத்து ஐஜால். அதற்கு முந்தின வருஷம் அதைக் கீழே இறக்கிவிட்டார்கள். கோவாவின் சில கோஷ்டிகள் விலகியதால்தான் மறுபடி சேர்த்துக்கொண்டார்கள். இறக்கப்பட்டவன் திரும்பி வந்து சாம்பியன் ஆனான். ஆனாலும் மேலே போக வழி இல்லை. 2018-இல் மினர்வா, வழி இல்லை. 2019-இல் நம் சென்னை சிட்டி, வழி இல்லை. 2021-இலும் 2022-இலும் கோகுலம் கேரளா அடுத்தடுத்து ஜெயித்தது, அப்போதும் இல்லை.

ஆட்களுக்கு மட்டும் வழி இருந்தது. ஐஜாலுக்குப் பட்டம் வாங்கிக் கொடுத்த கோச் காலித் ஜமீல் பல இடம் மாறி, 2025 ஆகஸ்டில் இந்தியக் கோஷ்டிக்கே கோச் ஆனார். சென்னை சிட்டியில் ஆடிய நம்மூர்ப் பையன் எட்வின் சிட்னி வான்ஸ்பால் பட்டம் வென்ற அதே வருஷம் சென்னையின் கோஷ்டிக்குப் போனார். நெஸ்டர் ஹைதராபாத்துக்கு, மான்சி ஜப்பானுக்கு. அவரவர் சாமர்த்தியத்துக்கு அவரவர் உயர்ந்தார்கள். அதில் ஒரு குறையும் இல்லை. ஆனால் ரசிகன் எங்கே போவான்? அவனுக்கு இன்னொரு கோஷ்டியிலிருந்து அழைப்பு வராது. கோஷ்டியோடு கூட உயர்ந்தால்தான் அவனுக்கு உயர்வு.

2019 அக்டோபரில் கோலாலம்பூரில் உட்கார்ந்து பேசி, 2022-23 போட்டியிலிருந்து ஜெயித்தவனை மேலே ஏற்றுவது என்று திட்டம் போட்டார்கள். அதன்படி 2023-இல் பஞ்சாப் கோஷ்டி, 2024-இல் கல்கத்தாவின் பழம்பெரும் முகமதன் ஸ்போர்ட்டிங் இரண்டும் மேலே போயின. ஏணி வைத்துவிட்டார்கள். சென்னை சிட்டி? 2020-21 போட்டிக்குப் பிறகு ஐ-லீகில் அந்தப் பெயரே இல்லை. பாஸான பையனை அதே வகுப்பில் உட்கார வைத்தால் எத்தனை வருஷம் உட்காருவான்? 2025 ஜூலையில் மேல் மாளிகையின் சொந்தக்காரர்களுக்குள்ளேயே ஒப்பந்தத் தகராறு வந்து, அந்தப் போட்டியைத் தொடங்காமல் நிறுத்தி வைத்தார்கள் என்பது வேறு கதை.

நான் சொல்ல வந்தது இந்த டீக்கடைச் சர்ச்சையைப் பற்றி. பட்டத்துக்கு முன்பும் பின்பும் அங்கே விவாதிக்கப்பட்டது ஒரே விஷயம்: கோச் கெட்டிக்காரரா, இல்லையா? ஏனென்றால் கோச் கண்ணுக்குத் தெரிகிறார். கோட்டுக்கு வெளியே நின்று கையை ஆட்டுகிறார். அவரைத் திட்டலாம், வாழ்த்தலாம், அவர் பெயரில் விளக்குக்கூடப் போடலாம். மாடிப்படி இல்லாத வீட்டைக் கட்டியவர்கள் மைதானத்துக்கு வருவதில்லை. அவர்கள் முகம் செல்போனில் தெரிவதில்லை. முகம் தெரியாதவனைத் திட்டுவதில் ருசி இருக்காது. ஆகையால் கண்ணுக்குத் தெரிகிற வளர்ப்புப் பிள்ளையின் தலையில் எல்லாவற்றையும் இறக்கிவிட்டு நாம் வீட்டுக்குப் போய்விடுகிறோம்.

இது பந்தாட்டத்தோடு நிற்கிற சமாசாரம் அல்ல. பள்ளிக்கூடத்தில் பிள்ளைகள் தேறாவிட்டால் வாத்தியாரைத் திட்டுகிறோம். அவர் ஒருவரே ஐந்து வகுப்பையும் பார்க்கும்படி உத்தரவு போட்டது யார் என்று கேட்பதில்லை. பஸ் நேரத்துக்கு வராவிட்டால் கண்டக்டரிடம் சண்டை. விதி என்று பெயர் சூட்டிவிட்ட பாதி விஷயங்களில் கோளுக்குச் சம்பந்தமே கிடையாது. ஆள் எழுதியவை அவை; ஓர் அறையில், ஒரு மேஜையில், ஒரு பேனாவால்.

ஆள் எழுதினதை ஆள் திருத்தலாம் என்பதற்கு அந்தச் சம்சாரிப் பெரியவரின் வயலே சாட்சி. பெரியாறு மேற்கே ஓடிக் கடலில் விழுவதற்கென்று பிறந்த ஆறு. கம்பம் பள்ளத்தாக்கு அந்த மலையின் மறுபக்கத்தில் வானத்தைப் பார்த்துக் கிடந்தது. அதுதான் தலையெழுத்து என்று எத்தனையோ தலைமுறைகள் எண்ணியிருக்கும். 1895-இல் பென்னிகுவிக் என்ற என்ஜினீயர் அணையைக் கட்டி முடித்தார். மலையைக் குடைந்து தண்ணீரைக் கிழக்கே திருப்பினார்கள். அந்தத் தண்ணீரில்தான் இன்று பள்ளத்தாக்கு முழுதும் நாற்று நடுகிறார்கள். வீட்டுக்கு வீடு அந்த வெள்ளைக்காரர் படத்தை மாட்டி, பிள்ளைகளுக்கு அவர் பெயரை வைக்கிறவர்கள் இந்தப் பக்கத்து ஜனங்கள். தண்ணீர் வராத வயலில் உழுகிறவனுடைய சாமர்த்தியத்தைப் பற்றி மட்டும் தர்க்கம் செய்துகொண்டிருந்தால் மலை குடையப்பட்டிருக்குமா?

ஏணி வைத்தாகிவிட்டது என்பதில் எனக்குச் சந்தோஷம்தான். ஆனால் கால்வாய் வெட்டி முடிப்பதற்குள் கருகிப்போன பயிரை எந்தக் கணக்கில் எழுதுவது? கோயமுத்தூர் காலரியில் நின்று தொண்டை கிழியக் கத்தின அந்த ஆயிரக்கணக்கான பையன்களுக்கு இன்று கத்துவதற்கு ஒரு பெயர் இல்லை.

மருமகன் இப்போது உத்தியோகத்தில் இருக்கிறான். டிரில் மாஸ்டருக்குக் காது கொஞ்சம் மந்தம். இருவரும் சந்தித்தால் இன்னமும் அக்பர் நவாஸைப் பற்றித்தான் சண்டை. கோலி பந்தைத் தட்டியது சரியா, ஓங்கி உதைத்திருக்க வேண்டுமா? போன ஆடி மாதம் போனபோதும் கேட்டேன். சர்ச்சை முடிந்தபாடில்லை. கோஷ்டி போய்விட்டது, கோச் போய்விட்டார், சனிகூட ராசி மாறிவிட்டார். பெரியவர் கேட்ட கேள்வி மட்டும் அந்தப் பெஞ்சியில் அப்படியே உட்கார்ந்திருக்கிறது. அதற்குப் பதில் சொல்ல வேண்டியவர்கள் குச்சனூருக்கு வருகிற வழக்கமில்லை.